பெரியவருக்கு ஓர் இடைக்கால ஏற்பாடு

ஒரு நாயை வீட்டுக்கு அழைத்து வர ஆசைப்படுவது குற்றமா? இல்லை என்றுதான் நானும் என் மனைவியும் நினைத்திருந்தோம். நாய்கள் நல்வாழ்வுக் கழகத்தின் வாசற்படியை மிதிக்கும்வரை எங்களுக்கு அந்தத் தைரியம் இருந்தது.

நான் சோபா, நாற்காலிகளுக்கு உறை மாற்றித் தருகிறவன். கழகத்துக்கு நான் போனதே தொழில் விஷயமாகத்தான். கைவிடப்பட்ட நாய்களை எடுத்துப் பராமரித்து நல்ல வீடுகளில் சேர்ப்பதே எங்கள் பணி என்று வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே ஆட்சிக்குழு கூடும் அறையில் எட்டு நாற்காலிகள். எட்டின் கைப்பிடிகளும் கிழிந்து ஸ்பாஞ்ச் வெளியே தொங்கியது.

"நாய்ங்க நல்லா வேலையக் காட்டியிருக்குங்களே" என்றேன்.

செயலாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நாய்ங்கள இந்த ரூமுக்குள்ள விடறதில்லைங்க. இது ஆட்சிக்குழு பண்ணது" என்றார்.

நான்கு நாற்காலிக்குப் பழுப்பு ரெக்சின், நான்குக்குச் சிவப்பு ரெக்சின் என்று சொன்னார். பழுப்பு ஜன்னல் பக்கம், சிவப்பு சுவர்ப் பக்கம். மாற்றி வைத்துவிட்டால் கூட்டமே நடக்காதாம். நமக்கென்ன, சொன்னதைத் தைப்போம் என்று தாழ்வாரத்தில் துணியை விரித்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். நரைத்த மூஞ்சி, ஒரு காது மடிந்து கிடந்தது. நான் ஸ்பாஞ்ச் வெட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தார். வேலை திருப்தியாக இருந்திருக்க வேண்டும். புது ஸ்பாஞ்சின் மேல் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி, படுத்துவிட்டார். "ஏய், எந்திரி" என்றேன். காசு கொடுத்த வாடிக்கையாளர் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். வாயில் மொத்தம் நாலு பல். அதுவும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத தூரத்தில் இருந்தன. அவரைச் சுற்றியே அளவெடுத்து வெட்டினேன். மத்தியானத்துக்குள் நான் அவரைப் "பெரியவரே" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி, என்னை விட்டுவிட்டு, "பெரியவர் சாப்பிட்டாரா?" என்றுதான் முதலில் கேட்டாள். பெண் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து எங்கள் வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் பெரியவரின் தாடையைச் சொறிந்துகொண்டே ஒரு மணி நேரம் பேசினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிளம்பும்போது, "என்னங்க, இவர நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றாள்.

நானும் போய்ச் செயலாளர் அம்மாவிடம் கேட்டேன். அவர் முகம் வாடியது.

"கிப்பிளா, பச்சை இறைச்சியா?"

"எனக்கு எதுவும் வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்."

"உங்களுக்கில்லைங்க. நாய்க்கு என்ன போடுவீங்க? உயர்தரக் கிப்பிளா, இல்ல எலும்போட பச்சை இறைச்சியா? அதச் சொன்னாத்தான் விண்ணப்பமே குழுவுக்குப் போகும்."

கிப்பிள் என்பது பையில் வரும் காய்ந்த உருண்டை. நாய்க்கு அதுதான் முழு உணவு என்பது ஆட்சிக்குழுவில் நான்கு பேரின் உயிர்க்கொள்கை. பச்சை இறைச்சிதான் இயற்கை என்பது மற்ற நான்கு பேரின் உயிர்க்கொள்கை. முதல் நால்வர் பழுப்பு நாற்காலி, மற்ற நால்வர் சிவப்பு. எனக்குத் தலை சுற்றியது. விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டுப் பதில் சொல்வோம் என்று இரண்டு பக்கத் தலைவர்களையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

பழுப்புக்குத் தலைவர், ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து, இரண்டு உருண்டையைத் தன் வாயில் போட்டுக் கடக்முடக்கென்று மென்றார்.

"இதுல புரதம் இருக்கு, கொழுப்பு இருக்கு, நார் இருக்கு. எல்லாம் அளந்து வெச்சது. நானே தினம் காலைல ஒரு கிண்ணம் சாப்பிடறேன். என் தலமுடியப் பாருங்க."

பார்த்தேன். பளபளப்பாகத்தான் இருந்தது.

"உங்க வீட்டு நாயும் இதத்தான் சாப்பிடுதுங்களா, ஐயா?"

"என் வீட்டு நாயா? அது என் மனைவி கையால ரொட்டியும் முட்டையும் பிசைஞ்சு வெச்சாத்தான் சாப்பிடும். அது குடும்ப விவகாரம். நான் பேசறது கொள்கை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

சிவப்புக்குத் தலைவி ஒரு பல் டாக்டர். மனிதர்களுக்குப் பல் பிடுங்குகிறவர். என்னை நோயாளி நாற்காலியிலேயே உட்காரவைத்து, விளக்கை முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டுப் பேசினார்.

"நாயோட மூதாதை யாரு? ஓநாய். ஓநாய் அடுப்பு பத்தவெச்சுதா?"

"இல்லீங்க."

"கடைக்குப் போயி பை வாங்குச்சா?"

"அது எப்படிங்க போகும்?"

"அவ்வளவுதான் விஷயம். பச்சை எலும்பக் கடிச்சாத்தான் நாய்க்குப் பல்லு பலமாகும்."

"பெரியவருக்குப் பல்லே நாலுதாங்க இருக்கு, டாக்டரம்மா. நீங்க ஒரு தடவ வந்து பாத்தீங்கன்னா..."

"பல்லப் பத்தி அப்புறம் பேசலாம். இந்தக் கூட்டத்தொடர்ல அது அஜெண்டாவுல இல்ல."

"நீங்க நாய் வளக்கறீங்களா?"

"ஐயோ, எனக்கு நாய்னாலே பயம். சின்ன வயசுல ஒண்ணு துரத்திடுச்சு. அதனாலதான் என்னால பாரபட்சம் இல்லாமப் பேச முடியுது."

கிப்பிள் என்று விண்ணப்பித்தேன். நான்குக்கு நான்கு, நிராகரிப்பு. சரி, பச்சை இறைச்சி என்று மாற்றிச் சொன்னேன். அதுவும் நான்குக்கு நான்கு. சமமாக வந்தால் தோல்விதான் என்பது விதி. எனக்கும் கோபம் வராதா? "ரெண்டையும் கலந்து போடறேங்க, ஆள விடுங்க" என்று எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு ஆட்சிக்குழு எட்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் என்னை நிராகரித்தது. கழகத்தின் சரித்திரத்திலேயே எல்லோரும் ஒரே பக்கம் வாக்களித்தது அதுதான் முதல் தடவை என்று செயலாளர் அம்மா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"இதுவரைக்கும் எத்தன நாய வீட்டுக்கு அனுப்பியிருக்கீங்க?"

"அனுப்பினதில்லைங்க. உணவுக் கொள்கை முடிவானதும் ஒரே மூச்சுல எல்லாத்தையும் அனுப்பிடுவோம்."

"அப்ப இப்ப இதுங்க என்னதான் சாப்பிடுது?"

செயலாளர் அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். ஏதோ தகாத இடத்துக்கு அழைத்துப் போகிறவர்போல் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே ஒரு சமையலறை. பெரிய அண்டாவில் அரிசியும் காரட்டும் எலும்பு நீக்கிய கோழியும் ஒன்றாகக் குழைய வெந்துகொண்டிருந்தன. சமையல்காரர் மூடியைத் தட்டினார். எங்கெங்கோ கிடந்த நாய்களெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தன. பெரியவர்கூட ஓடினார். ஒவ்வொன்றும் மினுமினுவென்று கொழுகொழுவென்று இருந்தது.

"இது சாப்பாடு இல்லைங்க. அப்படிச் சொல்லிடாதீங்க. இது இடைக்கால ஏற்பாடு. முடிவு வர்ற வரைக்கும்" என்றார் செயலாளர் அம்மா.

"எவ்வளவு நாளா?"

"ஒம்பது வருஷமா."

ஆட்சிக்குழுவில் ஒருவரும் அந்தப் பக்கம் வருவதில்லையாம். வந்து பார்த்தால் அதற்கு அங்கீகாரம் கொடுத்ததுபோல் ஆகிவிடும் என்று இரண்டு பக்கத்துக்கும் பயம்.

நான் விடாமல் மறுபடி விண்ணப்பித்தேன். அடுத்து வீட்டுச் சோதனை. எட்டுப் பேரும் வந்தார்கள். நான்கு பேர் எங்கள் அலமாரியைத் திறந்து, கிப்பிள் வைத்தால் ஈரம் பிடிக்குமா என்று தட்டுத் தட்டாகத் தடவிப் பார்த்தார்கள். நான்கு பேர் பிரிட்ஜுக்குள் தலையை விட்டு, இறைச்சி வைக்கக் குளிர் போதுமா என்று தெர்மாமீட்டரைச் சொருகினார்கள். கதவைத் திறந்து போட்டுக் கால் மணி நேரம் விவாதித்ததில் குளிர் போதவில்லை. எங்கள் ஐஸ்கிரீம் உருகி வழிந்தது. அந்தப் பாவத்துக்கும் நாங்கள்தான் பொறுப்பு என்று டாக்டரம்மா முகம் சுளித்தார்.

என் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் பாத்தீங்க. பெரியவரு எங்க படுப்பாரு, அவரு கூட யாரு பேசிட்டிருப்பாங்க, அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியே?"

"அது உணவுல வராதும்மா" என்றார் பேராசிரியர், அவள் போட்டுக் கொடுத்த டீயை உறிஞ்சியபடி.

பிறகு யாருக்கோ ஒரு ஞானோதயம் வந்து, நாயையே முடிவு செய்யச் சொல்லலாம் என்றார்கள். கழக முற்றத்தில் மேடை, ஒலிபெருக்கி, சிவப்பு பழுப்புக் கொடிகள். ஒரு தட்டில் கிப்பிள், இன்னொன்றில் எலும்போடு பச்சை இறைச்சி. பேராசிரியர் அரை மணி நேரம், டாக்டரம்மா முக்கால் மணி நேரம் பேசி முடித்த பிறகு பெரியவரை அவிழ்த்துவிட்டார்கள். பாவம், பசி அவருக்கு. முதலில் கிப்பிளை வாயில் எடுத்து, உருட்டி, கடிக்க முடியாமல் துப்பினார். சிவப்புப் பக்கம் கைதட்டல். அப்புறம் எலும்பை நக்கி, கடிக்கப் பார்த்து, வலித்ததோ என்னவோ, கீழே போட்டார். பழுப்புப் பக்கம் கைதட்டல். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் அண்டா மூடி தட்டும் சத்தம் கேட்டது. பெரியவர் இரண்டு தட்டுக்கும் நடுவில் புகுந்து ஓடிவிட்டார்.

"அவங்களோடதத்தான் மொதல்ல துப்பிச்சு!" என்றார் டாக்டரம்மா ஒலிபெருக்கியில்.

"மொதல்ல எடுத்தது எங்களோடத! அது ஏன்னு யோசிக்கணும்!" என்றார் பேராசிரியர், இன்னொரு ஒலிபெருக்கியில்.

முடிவெடுக்கும் தகுதி இந்த நாய்க்கு இல்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு கலைந்தன.

மழைக்காலம் வந்தது. பெரியவருக்கு இருமல் பிடித்தது. ஈரத்தாழ்வாரத்தில் நான் விட்டுவந்த ஸ்பாஞ்ச் துண்டில் சுருண்டு படுத்திருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டும் தலையைத் தூக்கவில்லை, வால் மட்டும் ஒருமுறை அசைந்தது. கழகத்து மிருக வைத்தியர், வயசான உடம்பு, சூடான இடமும் பக்கத்தில் ஆளும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த மருந்து கழகத்தில் கையிருப்பில் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். "இவனுங்க முடிவெடுக்கறதுக்குள்ள அவரு போயிடுவாருங்க" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டவள், திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அங்க ஒழுங்கா நடக்கற விஷயம்னு ஏதாவது ஒண்ணு இருக்கா?"

"அந்த அண்டா ஒண்ணுதான்."

"அதுக்கு என்ன பேரு?"

"இடைக்கால ஏற்பாடு."

"அப்ப நீங்க ஏன் நெரந்தரமா கேக்கறீங்க?"

எனக்குச் சுரீரென்று உறைத்தது. இத்தனை மாதம் நான் முட்டாள்தனமாகத் தத்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! மறுநாள் காலையிலேயே ஓடி, உணவுக் கொள்கை முடிவாகும்வரை பெரியவரை என் வீட்டில் இடைக்காலமாக வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும், அதுவரை அவருக்கு இடைக்கால ஏற்பாட்டையே போடுவேன் என்று கேட்டேன். செயலாளர் அம்மாவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பேராசிரியர், "இதுல கொள்கை சம்பந்தப்படலையே?" என்று கேட்டார். "துளிகூட இல்லைங்க" என்றேன். டாக்டரம்மா, "இடைக்காலம்னா எங்களுக்கு ஆட்சேபணையே இல்ல" என்றார். கையெழுத்தானது. இவ்வளவுதானா என்று எனக்கே நம்ப முடியவில்லை.

பெரியவர் வீட்டுக்கு வந்தார். சோபா தைக்கிறவன் வீட்டுச் சோபா எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டாம். அதில் ஸ்பாஞ்ச் வெளியே தெரியும் மூலையாகப் பார்த்து இடம் பிடித்துக்கொண்டார். என் மனைவி அரிசியையும் காரட்டையும் கோழியையும் குழைய வேகவைத்து, ஆறவைத்து, கையால் மசித்து வைப்பாள். தட்டை முழுவதும் நக்கிவிட்டுத் தட்டுக்கு அடியிலும் நக்குவார். இருமல் நின்றது. டிவியை நாங்கள் மறந்தே போனோம். பெண் போனில் கூப்பிட்டாலும் என் மனைவி, "இரு, பெரியவர் கூப்பிடறாரு" என்று வைத்துவிடுவாள்.

நிம்மதியாகத்தான் இருந்தோம். ஒருநாள் செயலாளர் அம்மாவிடமிருந்து போன்.

"ஒரு நல்ல சேதிங்க. சமரசம் ஆயிடுச்சு!"

"யாரு யாரு கூட?"

"ரெண்டு தரப்பும். புதுசா ஒண்ணு வந்திருக்குங்க. பச்சை இறைச்சிதான், ஆனா உறையவெச்சு ஈரத்த எடுத்து உருண்டையாக்கிப் பையில போட்டது. பையில வர்றதால பேராசிரியருக்குச் சம்மதம். வேகவெக்காததால டாக்டரம்மாவுக்குச் சம்மதம். வர்ற கூட்டத்துல நிறைவேத்திடுவாங்க. இடைக்கால ஏற்பாடெல்லாம் ரத்தாகுது. பெரியவரக் கூட்டிட்டு வந்து ஒப்படைச்சிடுங்க. மறுபடி முறைப்படி விண்ணப்பிச்சா, மறு பரிசீலனை பண்ணுவாங்க."

போனை வைத்தேன். ஒன்பது வருடம் அடித்துக்கொண்டவர்களுக்கு இப்போதா புத்தி வர வேண்டும்? பெரியவர் என் காலடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரை மறுபடி அந்தத் தாழ்வாரத்தில் விட்டுவர என்னால் முடியாது. முடியவே முடியாது.

என் மனைவி இந்த முறை அழவில்லை. அந்தப் புது உருண்டை எப்படி இருக்கும், எப்படிப் போடுவார்கள் என்று துருவித் துருவிக் கேட்டாள். கூட்டத்தன்று பெரியவரைக் குளிப்பாட்டித் துவட்டி, கழுத்துப்பட்டை மாட்டி, வாசல்வரை வந்து, என் காதில் ஒரே ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்பினாள்.

கூடத்தில் ஒரே கோலாகலம். மேசையில் கேக். நாற்காலிகளைப் பழுப்பு சிவப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். பேராசிரியரும் டாக்டரம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாயை உள்ளே விடக் கூடாது என்பதால் பெரியவர் வாசலில் என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார்.

"கருத்து வேறுபாடுங்கறது ஜனநாயகத்தின் அழகு" என்றார் பேராசிரியர். "ஒன்பது ஆண்டுகளா நாங்க ஒரு நாயக்கூட பட்டினி போடல. அத நாடு கவனிக்கணும்."

"நாய்களுக்காக நாங்க ஒருத்தர ஒருத்தர் மன்னிச்சிட்டோம்" என்றார் டாக்டரம்மா. "நாய்கள் எங்களுக்கு நன்றி சொல்லணும்னு எதிர்பாக்கல."

எல்லோரும் கைதட்டினார்கள். தீர்மானத்தை வாசித்த செயலாளர் அம்மா, வழக்கத்துக்காக, "வந்தவங்க யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்றார். வந்தவன் நான் ஒருவன்தான். எழுந்து நின்றேன்.

"ரொம்பச் சந்தோஷங்க. ஒரே ஒரு சின்ன சந்தேகம். அந்த உருண்டைய அப்படியே போடணுங்களா, தண்ணில ஊறவெச்சுப் போடணுங்களா?"

"அப்படியேதான்" என்றார் பேராசிரியர்.

"ஊறவெச்சுத்தான்" என்றார் டாக்டரம்மா, அதே நொடியில்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊறவெச்சா அது என்ன, கூழா? அதுக்கு ஏன் ஈரத்த எடுக்கணும்?"

"ஓநாய் காஞ்ச மானையா தின்னுச்சு? மானுக்குள்ள தண்ணி இல்லையா?"

"மறுபடியும் ஓநாயா!"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. சிவப்பு சுவர்ப் பக்கம் நகர்ந்தது, பழுப்பு ஜன்னல் பக்கம் போனது. பேராசிரியரின் விரல்கள் கைப்பிடியைக் கவ்வின. நான் தைத்த உறை சர்ரென்று கிழிந்தது காதில் விழுந்தது. நல்ல ரெக்சின், அதற்கு மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

நான் நைசாக வெளியே வந்து செருப்பை மாட்டினேன். பின்னாலேயே செயலாளர் அம்மா வந்தார். கதவைச் சாத்திவிட்டு, குனிந்து பெரியவரின் மடிந்த காதைத் தடவிக் கொடுத்தார்.

"இடைக்கால ஏற்பாடு தொடருதுங்க" என்றார். பிறகு, "அந்த எட்டு நாற்காலிக்கும் உறை தைக்க எப்ப வர்றீங்க?"

"அடுத்த வாரம் வர்றேங்க. இந்த தடவ கெட்டியான துணியாப் போட்டுடலாம்."

வீட்டில் என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைப் பார்க்காமல் பெரியவரைத்தான் பார்த்தாள். ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சாப்பாடு தயாராக இருந்தது. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம்.

"ஏண்டி, ஊறவெக்கறதா வேண்டாமாங்கறதையும் ஒருநாள் பேசி முடிச்சிட்டாங்கன்னா?"

"முடிக்கட்டுமே" என்றாள் அவள், தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து அவருக்கு ஊட்டிக்கொண்டு. "வெந்நீரா, பச்சத் தண்ணியான்னு கேட்டுட்டு வாங்க."